நூறு பேருக்கு மேல் வேண்டாம்

கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிவரும் எந்தச் சுற்றுலாக் கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது எக்வடார் நாட்டின் விதி. தென் அமெரிக்கக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் இருக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். அங்கே ஓடுபவற்றில் பலவற்றுக்கு அந்த நூறும் அதிகம். 16 பேர், 20 பேர் ஏறினாலே நிறைந்துவிடும். இதற்கு மறுகோடியில் இருப்பது, 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்'. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், முழுக்க நிறைந்தால் 7,600 பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள். கலாபகோஸில் உரிமம் பெற்ற கப்பல்கள் அத்தனையிலும் உள்ள படுக்கைகளைக் கூட்டினாலும் இந்த ஒரு கப்பலில் மூன்றில் ஒரு பங்குக்கு வராது.

சிறிய கப்பலில் வெப்பமண்டலத் தீவுகளைச் சுற்றுவது இன்று நல்ல விலைக்குப் போகும் சரக்கு. கூட்டம் இல்லை, வரிசையில் நிற்க வேண்டாம், பெரிய கப்பல் நுழைய முடியாத குடாவுக்குள்ளும் போகலாம், கேப்டனோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று விளம்பரங்கள் அடுக்குகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் பயணிக்குக் கிடைக்கும் சௌகரியங்கள். சிறிய கப்பலைப் பற்றிப் பேச வேண்டிய முக்கியமான விஷயம் பயணியின் பக்கம் இல்லை, தீவின் பக்கம் இருக்கிறது. கரைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர், எங்கே கால் வைக்கலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று தீவு சொல்ல, வருகிறவர் கேட்டுக்கொள்கிற நிலை இருந்தால் அந்தச் சுற்றுலாவைத் தீவு தாங்கும். கப்பல் சொல்ல, தீவு கேட்டுக்கொள்கிற நிலை வந்துவிட்டால் தாங்காது. கப்பலின் அளவு இந்த இரண்டில் எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். சிறிய கப்பல் என்றாலே பாவமற்றது என்று நம்புகிறவர்களுக்குக் கீழே கொஞ்சம் கசப்பான செய்தியும் உண்டு.

கலாபகோஸில் ஒரு காலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா; 1959-ல் அறிவிக்கப்பட்டது. பயணிகள் இறங்கக்கூடிய இடங்கள் மட்டும் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கப்பல் எந்த நாளில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை எழுதிக்கொடுப்பது பூங்கா நிர்வாகம். நேற்று பார்த்தது பிடித்திருந்தது, நாளையும் போகலாம் என்று கேப்டன் முடிவெடுக்க முடியாது. இரண்டு வாரச் சுற்றுக்குள் ஒரே இடத்துக்கு மறுபடி போகக் கூடாது என்பதால், ஏழெட்டு நாள் பயணத்தில் ஒருவர் பாதித் தீவுகளைத்தான் பார்ப்பார். விடிந்ததும் கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, 'பங்கா' என்று அங்கே சொல்லும் ரப்பர் படகில் பத்துப் பதினைந்து பேராகக் கரைக்கு வருகிறார்கள். 16 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். அவர் பூங்காவிடம் பயிற்சியும் உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும், அவர் இல்லாமல் கரையில் ஓர் அடி வைக்க முடியாது. நடைபாதை ஓரமாகக் கறுப்பு வெள்ளைக் குச்சிகள் நட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. விலங்குகளுக்கும் நமக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். ஃபெர்னாண்டினா தீவின் எஸ்பினோசா முனையில் இந்த இரண்டு மீட்டரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அங்கே கறுத்த எரிமலைப் பாறைமேல் கடல் இகுவானாக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாறை எது, பிராணி எது என்று தெரியாமல் நடக்கிறவர் காலைத் தூக்கி வைக்க இடம் தேடுவார். நடுநடுவே ஒன்று தும்மும். பாசி மேயும்போது உள்ளே போன உப்பை அவை மூக்கு வழியாக அப்படித்தான் வெளியேற்றுகின்றன. திரும்பிப் படகேறியதும் கால்களையும் செருப்பையும் கழுவ வேண்டும். ஒரு தீவின் விதையோ மண்ணோ பக்கத்துத் தீவுக்குப் போய்விடக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வேறு வேறு இனங்கள் உருவான இடம் அது. அந்த வேறுபாடுதான் 1835-ல் அங்கே ஐந்து வாரம் தங்கிய டார்வினைப் பிற்பாடு யோசிக்க வைத்தது.

இத்தனை கட்டுப்பாடும் நடைமுறையில் நிற்பதற்குக் காரணம் எண்ணிக்கைதான். பதினாறு பேரை ஒரு வழிகாட்டி கண்ணால் எண்ணிவிடுவார். பாதையை விட்டு விலகியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நூறு பேர் கப்பலுக்கு ஆறேழு வழிகாட்டிகள் போதும். அவர்களை நேரம் பிரித்து இறக்கலாம். ஆறாயிரம் பேருக்கு இதே கணக்கைப் போட்டால் 375 வழிகாட்டிகள் வேண்டும், கரையில் நாள் முழுக்கப் படகு வந்துபோய்க்கொண்டே இருக்க வேண்டும். விதி அப்படியே இருக்கும், காகிதத்தில்.

பெரிய கப்பலால் இன்னொன்றும் நடக்கிறது. அதற்கு ஆழமான நீர் வேண்டும், நீண்ட இறங்குதுறை வேண்டும். கடலடியைத் தோண்ட வேண்டும். துறை கட்டிய தீவு அந்தக் கடனை அடைக்கக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும். கப்பலோ எதையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை, வரி கூடினால் அடுத்த தீவுக்குப் போய்விடும். கரீபியனில் இந்தப் பேரம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதன் கடைசிக் கட்டத்தில் கப்பல் கம்பெனிகள் தமக்கென்றே கரையை வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. ஹைட்டியின் வடகரையில் லபாடி என்ற தீபகற்பத்தை 1980-களிலிருந்து ஒரு கப்பல் நிறுவனம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. வேலி போட்ட இடம். பஹாமாஸில் கோகோகே என்ற சிறு தீவு முழுவதையும் நீர்ச்சறுக்குக் கோபுரங்களும் நீச்சல்குளங்களுமாக அதே நிறுவனம் மாற்றி, 2019-ல் புதிதாகத் திறந்தது. பயணி கப்பலிலிருந்து இறங்கி, கப்பல்காரரின் கரையில் குளித்து, கப்பல்காரரின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறுகிறார். அவர் ஒரு தீவுக்குப் போய்வந்தார் என்று சொல்வது மரியாதைக்குத்தான்.

தீவு மக்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கேமன் தீவுகளில் பெரிய கப்பல்கள் வந்து கட்டி நிற்கத் துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்களே பெரும்பான்மை. அங்கே இப்போது பயணிகள் கப்பலிலிருந்து சிறு படகில்தான் கரைக்கு வருகிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பிரெஞ்சு பாலினேசியாவின் போரா போராவில் ஒரு நாளில் 1,200 கப்பல் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு இடங்களும் கப்பல் வருமானத்தை விட்டுக்கொடுக்கத் தயங்க வேண்டிய சிறிய இடங்கள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவுகளின் எடை தெரியும்.

இனி கசப்பான செய்தி. 2017 மார்ச் 4 அன்று இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில், கிரி தீவுக்குப் பக்கத்தில், 'கலிடோனியன் ஸ்கை' என்ற கப்பல் பவளப்பாறைமேல் ஏறி நின்றுவிட்டது. 90 மீட்டர் நீளம், 102 பயணிகள். அதாவது நாம் மேலே புகழ்ந்த வகையைச் சேர்ந்த சிறிய கப்பல். பயணிகள் வைகியோ தீவில் பறவை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள், நீர் வற்றிய நேரம். அலை ஏறும்வரை காத்திருக்காமல் இழுவைப் படகு வைத்து இழுத்தார்கள். கப்பல் அசைய அசையப் பாறை நொறுங்கியது. சேதம் 1,600 சதுர மீட்டர் என்று முதலில் மதிப்பிட்டார்கள். இறங்கி அளந்தபோது 13,000 சதுர மீட்டருக்கு மேல் போயிற்று. உலகிலேயே பவள வகைகள் மிக அதிகமாக உள்ள கடல் அது. கலாபகோஸிலும் இப்படி ஒன்று நடந்தது. 2001 ஜனவரியில் 'ஜெசிகா' என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் துறைமுகத்து வாயிலில் தரைதட்டி, ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருளைக் கொட்டியது. அது கொண்டுவந்த சரக்கில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பல் ஒன்றுக்கான எண்ணெய். காற்றும் நீரோட்டமும் எண்ணெயை விரைவில் கலைத்துவிட்டதால் தப்பித்தோம் என்று முதலில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சாந்தா ஃபே தீவின் கடல் இகுவானாக்களை வருஷக்கணக்கில் எண்ணிவந்த ஆய்வாளர்கள், அடுத்த ஓராண்டில் அவற்றில் 62 சதவீதம் செத்துப்போனதை 2002-ல் எழுதினார்கள். கரையில் படிந்தது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

ஆகவே சிறிய கப்பல் என்பது ஒரு நற்சான்றிதழ் இல்லை. ராஜா அம்பாட்டில் தவறியது கப்பலின் அளவு இல்லை. எங்கே, எந்த நேரத்தில், யாருடைய வழிகாட்டலில் அது போக வேண்டும் என்ற கட்டுப்பாடு. பெரிய கப்பலை எந்த விதியாலும் அந்தத் தீவுகளுக்கு ஏற்றதாக ஆக்க முடியாது, சிறிய கப்பலை விதியால் ஆக்க முடியும். இவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது பெரிய வித்தியாசமாகவே தெரிகிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அது கலாபகோஸ் மக்களிடமிருந்தே வருவது. 28,000 பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள், பெரும்பாலோர் பூங்காவுக்கு வெளியே உள்ள சிறு ஊர்களில். கப்பலில் சுற்றுகிறவர் பால்ட்ரா விமான நிலையத்தில் இறங்கி நேரே கப்பலுக்குப் போகிறார், கப்பலில் சாப்பிட்டுக் கப்பலில் தூங்குகிறார், புவெர்ட்டோ அயோரா ஊரில் ஒரு பிற்பகல் சட்டை வாங்கினால் உண்டு. அவர் கட்டிய பணத்தில் ஊர்க்காரருக்கு வந்தது எவ்வளவு? தங்கும் விடுதி வைத்திருப்பவரும் மீன்பிடி படகை நாள்பயணத்துக்கு விடுபவரும் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் கரையில் தங்கும் சுற்றுலா அங்கே வளர்ந்தது, இன்று வருகிறவர்களில் பெரும்பகுதியினர் கப்பலில் ஏறுவதே இல்லை. கப்பல் படுக்கைகளுக்கு வரம்பு இருந்தது, விடுதி அறைகளுக்கும் விமான இருக்கைகளுக்கும் அப்படி இறுக்கமான வரம்பு இல்லை. 2023-ல் வந்தவர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டினார்கள். யுனெஸ்கோ 1978-ல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்ற தீவுகள், 2007-ல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய் 2010-ல்தான் வெளியே வந்தன. 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தினார்கள். இதைக் காட்டி, கப்பல் வரம்பு தோற்றுவிட்டது என்கிறார்கள் சிலர். எனக்கு அது எதிர்ப்பக்கமாகப் படுகிறது. எண்ணி விட்ட வாசல் கட்டுக்குள் இருக்கிறது. எண்ணாமல் விட்ட வாசலில்தான் கூட்டம் நெரிகிறது. ஊர்க்காரருக்குப் பங்கு வேண்டும் என்பதற்கு மருந்து, கப்பல் உரிமத்திலும் வேலையிலும் உணவுக் கொள்முதலிலும் அவர்களுக்கு இடம் கொடுப்பது. வழிகாட்டிகளில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை என்று 1998-ம் ஆண்டின் சிறப்புச் சட்டம் தொடங்கி வைத்தது அந்த வழியைத்தான்.

விலையைப் பற்றியும் புகையைப் பற்றியும் வரும் ஆட்சேபங்களுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கலாபகோஸில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் விலை ஏறும், விலை ஏறினால் பணக்காரர் மட்டும் வருவார். குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கலாம், சொந்த நாட்டவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம். எக்வடார் மக்களுக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர்தான். அதைத் தாண்டி இந்தச் சிக்கலுக்குச் சுலபமான வழி யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. எரிபொருளிலும் அப்படியே. சொகுசான சிறிய கப்பல் ஒன்று தலைக்கு எரிக்கும் எண்ணெய், நிறைந்து ஓடும் பெரிய கப்பலைவிடக் கூடுதலாகவே இருக்கும். காற்றில் கலக்கும் புகைக்கு எதிராக வாதாடுகிறவர் சிறிய கப்பலைச் சிபாரிசு செய்யக் கூடாது. வீட்டில் இருக்கத்தான் சொல்ல வேண்டும். பவளத்துக்கும் பாதைக்கும் குடிநீருக்கும் வாதாடுகிறவருக்கே சிறிய கப்பல் சாட்சியாக வரும்.

சிறிய கப்பல் தன் இருப்பை இன்னும் நன்றாக நியாயப்படுத்திக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தாஹிட்டியிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் வடகிழக்கே மார்க்கெசாஸ் தீவுகள்; ஆறு தீவுகளில் சேர்த்து மக்கள் பத்தாயிரத்துக்குள். அங்கே போகும் 'அரானுவி 5' பாதி சரக்குக் கப்பல், பாதி பயணிகள் கப்பல். முன்பக்கம் கிரேன்களும் சரக்கறையும், பின்பக்கம் சுமார் 250 பேருக்கு அறைகள். சிமென்ட், அரிசி, குளிர்பதனப் பெட்டி, மோட்டார் வண்டி எல்லாம் போகும். திரும்பும்போது கொப்பரை மூட்டைகளும் நோனிப் பழமும் எலுமிச்சையும் வரும். உவா ஹுக்கா தீவின் வைப்பாயே குடா மிகக் குறுகல். கப்பலைத் திருப்ப இடம் போதாமல், படகில் கயிற்றை எடுத்துப்போய் இருபுறப் பாறைகளிலும் கட்டி, 126 மீட்டர் கப்பலை அந்தக் கயிற்றின் பலத்தில் திருப்பி நிறுத்துகிறார்கள். பயணிகள் விடியற்காலையிலேயே எழுந்து தளத்தில் கூடி வேடிக்கை பார்ப்பது இதைத்தான். ஹிவா ஓவா தீவில் ஓவியர் கோகனின் கல்லறையைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்வரை துறையில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். பயணி வராவிட்டாலும் தீவுக்குக் கப்பல் வந்தாக வேண்டும். பயணி தருகிற காசு அந்தச் சரக்குப் போக்குவரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இதில் யாரும் யாருக்காகவும் வேஷம் போட வேண்டியதில்லை. மற்ற கப்பல்கள் தீவைக் காட்டுகின்றன, இது தீவின் வேலையைச் செய்துகொண்டே காட்டுகிறது.

நமக்குப் பக்கத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் 'கவரத்தி' கப்பல் 700 பேரை ஏற்றும். அதில் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் தீவுக்காரர்களும், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களும், சரக்கும், அவர்களோடு சுற்றுலாப் பயணிகளும் போகிறார்கள். பவளத் திட்டுக்கு வெளியே கப்பல் நிற்கும். அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்குக் கைபிடித்து இறக்கிவிடுவார்கள், காயலுக்குள் படகு நுழைந்ததும் கடல் நிறம் மாறும். போவதற்கு முன்அனுமதி வேண்டும், எல்லாத் தீவும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. மக்கள் வாழும் பத்துத் தீவுகள், மொத்தம் 32 சதுர கிலோமீட்டர் நிலம், 2011 கணக்கெடுப்பில் 64,000-த்துக்குச் சற்று மேல் மக்கள். மழைநீர் மணலுக்கடியில் தேங்கிய மெல்லிய நன்னீர்ப் படலம்தான் இயற்கையாகக் கிடைக்கும் குடிநீர். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு அங்கே போக வேண்டும் என்ற ஆசை நாடு முழுக்கப் பரவியது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் கப்பல் குறைந்த நாட்களிலெல்லாம் டிக்கெட்டுக்குத் தவித்தது தீவுக்காரர்கள். கூட்டம் கூடினால் முதலில் இடம் இழப்பவர்களும் அவர்கள்தான்.

இப்படியொரு பயணத்துக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று விசாரிக்கும்போதே வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். ஒரே நேரத்தில் கரையில் எத்தனை பேரை இறக்குவீர்கள், அந்த எண்ணை முடிவு செய்தது யார்? நங்கூரம் மணலில் விழுமா, பாறையில் விழுமா? வழிகாட்டி அந்தத் தீவைச் சேர்ந்தவரா? அந்த எண்ணை நாங்களேதான் வைத்துக்கொண்டோம் என்று நிறுவனம் சொன்னால், கப்பல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் டிக்கெட் வாங்காதீர்கள்.